மூன்றாம் சேனல், ஏழாம் சேனல்

பீன்யா தொழிற்பேட்டையில் இடிந்த மூன்று மாடித் தொழிற்சாலைக்கு இரண்டு மீட்புக் குழுக்கள் வந்திருந்தன. மேலே கிரேன் வைத்து ஸ்லாப்பைத் தூக்கியது கிருஷ்ணப்பாவின் குழு. தொழிற்பேட்டைக் கம்பெனிகள் அனுப்பியது. பின்சுவரில் துளை போட்டு அடியில் நுழைந்தது கணேசமூர்த்தியின் தன்னார்வலர் குழு. அவர் பழைய ராணுவ ஆள்.

இரண்டுக்கும் வயர்லெஸ் அமைக்கும் வேலை சங்கமித்ராவுக்கு. காலை ரயிலில் தங்கவயலிலிருந்து வந்து, வேன் கூரையில் ஆன்டெனா கட்டினாள். கிருஷ்ணப்பா குழுவுக்கு மூன்றாம் சேனல். கணேசமூர்த்தி குழுவுக்கு ஏழு.

"எல்லாரும் ஒரே சேனல்ல இருங்க சார். மேல தூக்குறது கீழ இருக்கறவனுக்குத் தெரியணும்."

"பேடம்மா, வேணாம்," என்றார் கிருஷ்ணப்பா. "அப்புறம் என் ஆளுங்களுக்கு அவன் ஆர்டர் போடுவான். நீ ஒயர் வேலையைப் பாரு."

கணேசமூர்த்தியிடம் போனாள்.

"அந்த இரும்புக்கடைக்காரன் கிருஷ்ணப்பா பேச்சை என் பசங்க கேக்கணுமா? போம்மா."

பத்தரை மணிக்குக் கணேசமூர்த்தி குழுவின் விஜய்குமார் துளைக்குள் போனான். உள்ளே ஒரு தொழிலாளியின் முனகல் கேட்டிருந்தது. அதே நேரம் கிரேனின் கொக்கி இறங்கியது. விஜய்குமார் நிறுத்தச் சொன்னால் அது ஏழில் வரும். கிரேன் டிரைவர் மூன்றில் இருந்தான். செய்தியை எடுத்துக்கொண்டு யாராவது கட்டடத்தைச் சுற்றி ஓட வேண்டும். சங்கமித்ரா ஓடிப் பார்த்திருந்தாள். இரண்டு நிமிடம்.

யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு சேனல்களையும் ஒரு பெட்டியில் இணைத்தாள். இனி ஒன்றில் பேசினால் மற்றதிலும் கேட்கும்.

முதலில் கேட்டது கிருஷ்ணப்பாவின் குரல்.

"அந்த ரிட்டயர்டு மிலிட்டரி இன்னும் எலி வளை நோண்டிட்டு இருக்கானா? நீ தூக்கப்பா."

வேனருகே நின்ற கணேசமூர்த்தி தன் வயர்லெஸ் செட்டைப் பார்த்தார். பொத்தானை அமுக்கினார்.

"எவன்டா எலி?"

"ஏய், நீ எப்படிடா இதுல வந்தே?"

"உன் கிரேனைக் கொண்டுபோய் எடைக்குப் போடுடா!"

ஒருவர் பேசும்போது மற்றவர் பேச வழியில்லை. திட்டுகளுக்கு நடுவே சங்கமித்ராவின் இயர்போனில் ஒரு துண்டுக் குரல் வந்தது. "மேல..." அடுத்த திட்டு அதை மூடியது.

கணேசமூர்த்தியின் கையிலிருந்து செட்டைப் பிடுங்கினாள். பதிலுக்காகக் கிருஷ்ணப்பா காத்திருந்தார். அந்த இடைவெளியில் விஜய்குமார் கத்தினான்.

"ஸ்லாப் அசையுது. நிறுத்துங்க. நிறுத்துங்கடா!"

கிரேன் நின்றது.

கிருஷ்ணப்பா கட்டடத்தைச் சுற்றி வந்தார். மூச்சு வாங்கியது.

"யாரைக் கேட்டுச் சேர்த்தே?"

"யாரையும் கேக்கல."

"என் கையில இருந்தே பிடுங்கினா சார் இவ," என்றார் கணேசமூர்த்தி.

"கழட்டு," என்றார் கிருஷ்ணப்பா. "எல்லாத்தையும் கழட்டு."

"ஆமா, இப்பவே," என்றார் கணேசமூர்த்தி. "நாளையில இருந்து வராதே."

கிருஷ்ணப்பா பெட்டியின் கேபிளைப் பிடித்தார். விஜய்குமாரின் குரல் வந்தது.

"ஆள் பேசுறான். கால் மாட்டியிருக்கு. ஒரு விரல் அளவு தூக்கச் சொல்லுங்க. அதுக்கு மேல வேணாம்."

"இழுங்க சார்," என்றாள் சங்கமித்ரா. "இழுத்துட்டு, ஒரு விரல்னு நீங்களே ஓடிப்போய்ச் சொல்லுங்க."

கிருஷ்ணப்பா கேபிளை விட்டார்.

"நாளைக்கு உன்னை இங்க பாக்கக் கூடாது."

மூன்றில் கிரேன் டிரைவர் கேட்டான்.

"ஒரு விரல்தானே?"

"ஒண்ணுதான்," என்றான் விஜய்குமார். "தூக்கு."