முப்பத்தெட்டு டிகிரி

என்னைப் பொய்க்காரி என்று எழுதிக் கொடுத்த மனிதர் முன் வரிசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் ஹரிநாராயணன். என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளரும் அவரேதான். இதைவிட வம்பு வேண்டுமா?

கொட்டாம்பட்டியிலிருந்து தினமும் மதுரைக்குப் பஸ் பிடித்து வந்து ஆறு வருடம் செய்த ஆய்வு அது. புற்றுநோய் மருந்தைக் கொழுப்பால் ஆன நுண்துகளுக்குள் அடைத்து, கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் அனுப்புவது. முடியையும் வயிற்றையும் பதம் பார்க்காமல் போய்ச் சேர வேண்டும். அதற்குத் துகள் நூறு நானோமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். எனக்கு வந்தது, கட்டுரையும் வெளியானது. ஹரிநாராயணன் தன் ஆய்வகத்தில் மூன்று முறை செய்து பார்த்தார், வரவில்லை. உடனே, இட்டுக்கட்டிய முடிவு என்று பத்திரிகைக்குக் கடிதம் போட்டுவிட்டார்.

"பேச்சு வேண்டாம்மா. என் கண் முன்னால செஞ்சு காட்டு" என்றார். தோற்றால் பட்டமும் போகும், பேரும் போகும்.

கருத்தரங்க அறையிலேயே மருந்தையும் கொழுப்பையும் கலக்கினேன். ஏசி குளிர் எலும்பு வரை இறங்கியது. அளவிடும் கருவியில் வைத்தால், எண்ணூற்றுப் பத்து! எட்டு மடங்கு பெரிது. எண் கூடினால் நல்லதாக்கும் என்று நினைத்து, கடைசி வரிசையில் அப்பா மட்டும் கைதட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

குடுவையைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. என் ஆய்வகத்தில் அது ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. அங்கே தகரக் கூரை, ஏசி கெட்டு ஏழு வருடம். இதோ பக்கத்தில் நிற்கும் ஆய்வக உதவியாளர் பேயாண்டி அண்ணன் மனுப் போட்டே ஓய்ந்துபோனார். செய்முறையில் 'அறை வெப்பநிலை' என்று எழுதிவிட்டு அறையை நான் அளந்து பார்க்கவே இல்லை. மடச்சி!

"அண்ணே, கலக்குற மிஷினத் தூக்குங்க. வராண்டாவுக்குப் போறோம்."

"வெளிய அம்புட்டு வெயிலு தாயி!"

"அதுதாண்ணே வேணும்."

மே மாதத்து மதுரை. வராண்டாவில் தெர்மாமீட்டர் முப்பத்தெட்டு காட்டியது. அந்தக் கொழுப்பு இளக அந்தச் சூடு வேண்டும். குளிரில் அது விறைத்துக் கட்டி தட்டிவிடுகிறது. அவருடைய ஏசி ஆய்வகத்தில் நடந்ததும் அதுதான். ஹரிநாராயணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நூற்று நாலு.

"இன்னொரு தடவ" என்றார். நூற்று இரண்டு. மூன்றாவது முறை அவரே கலக்கினார். நூற்று ஐந்து.

கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன். பேயாண்டி அண்ணன் விசிலடித்தார்.

ஹரிநாராயணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

"வாயால சொன்னாப் பத்தாது சார். பத்திரிகைக்கு எழுதுங்க. சூட்டக் குறிக்காதது என் தப்புன்னு நானும் எழுதுறேன்."

வராண்டாவிலேயே, வியர்வை சொட்டச் சொட்ட, செல்போனில் தட்டினார். எட்டிப் பார்த்தேன். 'டாக்டர் தமிழ்வாணியின் முடிவுகள் சரியானவை. பொய் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.'

"சார், டாக்டர்னு போட்டுட்டீங்க. பட்டம் இன்னும் அறிவிக்கலையே."

"இதுதாம்மா அறிவிப்பு" என்று சொல்லிக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார்.