சூப்புக்கு என்ன வினைச்சொல்?

1

கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவே இல்லை. ஒரு பத்திரிகையின் சமையல் பக்கத்துக்காக, வீட்டில் வைக்கிற சூப்பையே வயிறு நிறைகிற சிக்கனமான ராச்சாப்பாடு ஆக்குவது எப்படி என்று அரைப் பக்கம் கேட்டிருந்தார்கள். அரைப் பக்கம்தானே, காபி ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். 'மாலையில் அடுப்பில் ஏற்றிவிட்டால் ராத்திரி குடும்பமே சுற்றி உட்கார்ந்து சூப்பை' என்பது வரை தங்குதடையில்லாமல் வந்தது. அங்கே பேனா நின்றது.

குடும்பமே உட்கார்ந்து சூப்பை என்ன செய்யும்? குடிக்கும். குடித்துவிட்டு? 'சரி, சாப்பாடு எங்கே?' என்று கேட்கும். தமிழ் பேசுகிற குடும்பமாயிற்றே, கேட்காமல் விடுமா? அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

2

[மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் துளிகள்]

வேண்டாம். ஆனால் மழை எனக்குத் தேவைப்படுகிறது, ஏனென்றால் என் ஆள் பெயிண்டர்.

[பெயிண்டர் கண்கலங்க வெங்காயம் நறுக்கினார்.]

இதுவும் வேண்டாம். வெங்காயம் நறுக்குகிறவர் அழுதால் எந்த வாசகர் நம்புவார்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். மழை பிடித்துக்கொண்டால் வேலை கிடையாது. மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறாள், நின்றுகொண்டே. வீட்டுக்கு வரும்போது கால் வீங்கியிருக்கும். அதனால் மழை விடுகிற வரைக்கும் அடுப்படி அவர் பொறுப்பு. பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. கூடவே மாமனார், ரிட்டையரான பஸ் கண்டக்டர். எதற்கும் ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்வதால் பேத்தி அவருக்கு 'ஜட்ஜ்' என்று பெயர் வைத்திருந்தாள். ஒருத்தி சம்பளத்தில் நாலு வயிறு நிறைய வேண்டும். பெயிண்டர் யோசித்து யோசித்து சூப்பில் இறங்கினார்.

3

முதல் நாள் காரட், கோஸ், ஒரு பிடி பருப்பு, நிறையத் தண்ணீர். மாமனார் ரசித்து ரசித்து உறிஞ்சினார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாப்பிள்ளை" என்று கிண்ணத்தைத் திரும்பத் திரும்ப நீட்டினார். வீடு அதிர ஒரு ஏப்பம் விட்டார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "சூப் பிரமாதம். சாப்பாட்ட எடுத்து வைங்க" என்றார்.

அதுதான் சாப்பாடு என்றார் பெயிண்டர். மாப்பிள்ளைக்குத் தமாஷும் வரும் போலிருக்கிறதே என்று மாமனார் சந்தோஷப்பட்டார்.*

அப்போது போன் வந்தது. மூத்த மகள், அதாவது பெயிண்டர் மனைவியின் அக்கா, தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். "சாப்பிட்டாச்சாப்பா?" என்பாள். ஊரில் எல்லாரும் எல்லாரையும் கேட்பதுதான், பதிலுக்காக யாரும் கேட்பதில்லை. ஆனால் மாமனார், சொந்தத் தம்பிக்கே டிக்கெட் கிழித்தவர். உள்ளதை உள்ளபடி சொன்னார்:

"இல்லம்மா. சூப்தான் குடிச்சேன்."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அதற்கு அடுத்த நாள் அக்கா தங்கையைக் கூப்பிட்டு, அப்பாவைப் பட்டினி போடுகிறீர்களா என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தானே வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகப் போவதாகவும் சொன்னாள்.

மனைவி போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். "அப்பா போயிட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவகிட்ட பேசுவேன்? நீங்க இந்த சூப்ப விட்டுடுங்க. நாளைலேருந்து நானே வந்து சமைக்கிறேன்."

பெயிண்டரின் பார்வை அவள் காலுக்குப் போனது. "சனிக்கிழமை வரைக்கும் விடு" என்றார்.

* மாமனார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் கதை எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும்!

4

தண்ணியாக இருந்தால் கெட்டியாக்க வேண்டும். இது பெயிண்டருக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா? உருளைக்கிழங்கையும் பருப்பையும் குழைய வேகவைத்து மசித்தார். கரண்டியைத் தூக்கிப் பார்த்தார். சொட்டவில்லை, மெதுவாக மடிந்து விழுந்தது. சுவராக இருந்தால் ஒரே கோட்டிங்கில் முடிந்திருக்கும்.

மாமனார் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "தொட்டுக்க நல்லா இருக்கு மாப்பிள்ளை. எதைத் தொட்டுச் சாப்பிடறது?"

[பெயிண்டர் கரண்டியை விட்டெறிந்தார்.]

விட்டெறியவில்லை. எனக்குத்தான் எறிய வேண்டும் போலிருந்தது, அவர் தலையில் கட்டிவிட்டேன். பேனாவை மூடிவிட்டு மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். தண்ணியாக வைத்தால் குடிக்கிற சமாச்சாரம், கெட்டியாக வைத்தால் தொட்டுக்கொள்கிற சமாச்சாரம். இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதர் எங்கேதான் சமைப்பார், சொல்லுங்கள்!

அன்றைக்கும் மூத்த மகள் போனில் கேட்டாள், அன்றைக்கும் 'இல்லம்மா'தான். பிறகு பேத்தி அவரைப் பிடித்துக்கொண்டாள். எதுதான் தாத்தா சாப்பாடு என்று கேட்டாள். "பல்லுக்கு வேலை வேணும்டா கண்ணு" என்றார் ஜட்ஜ். பெயிண்டர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

5

சனிக்கிழமை காலையிலேயே பட்டாணியை ஊறப்போட்டார். உருளையில் பாதியை மசித்தார், பாதியைத் துண்டு துண்டாக விட்டார். காரட்டைத் தடியாக நறுக்கிப் போட்டார். மீந்துபோன ரொட்டியை வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, ஊறிவிடக் கூடாது என்று கடைசி நிமிடத்தில் மேலே தூவினார்.**

மாமனார் ஒரு கரண்டி எடுத்தார். மென்றார். மறுபடி மென்றார். மனைவி அவரைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. பேத்தி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாப்பிட்டாச்சாப்பா? நாளைக்கு நான் கிளம்பட்டுமா?"

முடிவு ஒன்று: ["சாப்பிட்டேம்மா." பெயிண்டரின் கண்கள் பனித்தன.] சீச்சீ. தம்பிக்கே டிக்கெட் கிழித்தவர் மாப்பிள்ளைக்கு மட்டும் ஓசியில் கொடுப்பாரா?

முடிவு இரண்டு: ["இல்லம்மா, சூப்தான் கு] என்னால் முடியவில்லை. அந்த மனுஷன் காலையிலிருந்து நிற்கிறார்.

** சமையல் பக்கத்துக்காரர்களே, உங்களுக்கு வேண்டிய செய்முறை இவ்வளவுதான். எடுத்துக்கொண்டு என்னை விடுங்கள்.

6

வாய் நிறைய இருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. போனைப் பார்த்து, அதற்குக் கண் இருப்பது போல, 'இரு' என்று கையைக் காட்டினார். மறு கையால் கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க மாப்பிள்ளை."

போடுங்க. இத்தனை நாளும் 'ஊத்துங்க' என்றவர். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியாது. மனைவி சட்டென்று நிமிர்ந்து பெயிண்டரைப் பார்த்தாள். பெயிண்டர் பாத்திரத்தைச் சாய்த்து, அடியைச் சுரண்டி, இரண்டு கரண்டி போட்டார். அவ்வளவுதான் இருந்தது.

"அப்பா? சாப்பிட்டாச்சான்னு கேட்டேனே?"

வாய் காலியானதும் அவர் என்ன சொல்லுவார் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன், எனக்கு அலுத்துவிட்டது. ஒன்று மட்டும் செய்யுங்கள். இந்தக் கதையில் அந்தக் கேள்வியைத் தினமும் போன் போட்டுக் கேட்டார்கள். காலி பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற அந்த மனிதரை மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். கேளுங்கள்.