அண்ணியின் ஆலையை நிறுத்திய துள்ளல்

சாப்பாட்டு மேஜையில் அவளைக் கண்டாலே அண்ணிக்கு, அதாவது கணவரின் அக்காவுக்கு, வாய் சும்மா இருக்காது. அவள் மின்வாரியப் பொறியாளர். அண்ணி பாட்டில் ஆலை நடத்துகிறவள். காலை ஷிப்ட் சூடுபிடிக்கும் நேரத்தில் ஆலையின் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக நின்றுவிடும். உருகிய பிளாஸ்டிக் குழாய்க்குள்ளேயே இறுகிப்போகும். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் பாதி நாள் ஓடிவிடும்.

"நீங்க அனுப்புறது கரண்ட்டா, இல்ல கரண்ட்டு மாதிரி ஏதாச்சுமா?" என்று அண்ணி கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள், கணவர் உட்பட. அவளுக்குச் சுருக்கென்றது.

அலுவலகத்தில் மேலதிகாரி கையை விரித்தார். மின்சாரம் தடைபடவே இல்லை, கோளாறு ஆலைக்குள்தான் என்பது அவர் கட்சி. அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மின்சாரத்தின் அலையைப் பதிவுசெய்யும் கருவியைக் கொண்டுபோய் ஆலையின் மின்பலகையில் தானே மாட்டினாள். மறுநாளும் மோட்டார்கள் நின்றன. பதிவைப் பார்த்தால், அந்தக் கணத்தில் வோல்டேஜ் இறங்கவே இல்லை. ஊசிமுனை போல ஒரு துள்ளல் மேலே எழும்பி, நடுங்கி, அடங்கியிருந்தது. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மின்வாரியப் பொறியாளர்களுக்கென்றே ஓர் உதவி மையம் இருந்தது. பல இடங்களில் பிடிபட்ட அலைகளின் படங்களை, காரணத்தோடு அங்கே சேர்த்துவைத்திருந்தார்கள். கண் பூத்துப்போகும்வரை புரட்டியதில், தன் படத்தை அச்சில் வார்த்தது போல ஒன்று அகப்பட்டது. துணைமின்நிலையத்தில் கெப்பாசிட்டரை இணைக்கும்போது எழும் துள்ளல் அது. காலையில் சுமை ஏறியதும் வோல்டேஜ் தாழாமல் தாங்க, அவள் அலுவலகமே தினமும் செய்கிற வேலை!

உடனே மையத்துக்குப் போன் போட்டாள். "சரியாத்தான் பிடிச்சிருக்கீங்க," என்றார் அங்கிருந்த பெண்மணி. "மோட்டாரோட கன்ட்ரோலர் அதப் பார்த்துப் பயந்து, தன்னத்தானே நிறுத்திக்குது. ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒரு சோக், அதான் கம்பிச்சுருள், மாட்டுங்க. துள்ளல் மழுங்கிடும்."

இரண்டு படங்களையும் மேலதிகாரியின் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோளாறு கிளம்புவது நம் பக்கத்திலிருந்துதான் என்று சொன்னாள். அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, தானும் ஆலைக்கு வருவதாகச் சொன்னார்.

சோக் மாட்டியாயிற்று. மோட்டார்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணி இடுப்பில் கைவைத்து நிற்க, அவள் துணைமின்நிலையத்துக்குப் போன் செய்து, "கெப்பாசிட்டரப் போடுங்க" என்றாள். சோக்குக்கு முன்னாலிருந்த கருவியின் திரையில் துள்ளல் வந்தது. வந்து போயிற்று. ஒரு மோட்டாரும் நிற்கவில்லை.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு அண்ணி."

"இன்னொரு தடவை போடச் சொல்லு."

கெப்பாசிட்டரின் இணைப்பைத் துண்டித்து, அதிலிருந்த மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, மறுபடி போட்டார்கள். மோட்டார்கள் நிற்காமல் ஓடின. ஷிப்டில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள்.

அண்ணி மேலதிகாரியிடம் திரும்பி, "எங்க வீட்டுப் பொண்ணு சார்" என்றாள், ஏதோ அவருக்குத் தெரியாத செய்தி போல. அவரும் கருவியைக் காட்டி, இந்தப் படத்தையும் மையத்துக்கு அனுப்பச் சொன்னார். இதே தலைவலியோடு எத்தனை பேர் இருக்கிறார்களோ என்றார்.

அவள் தலையாட்டினாள். சிரிப்பை அடக்கத் தோன்றவில்லை, அடக்கவும் இல்லை. எதிரே சுடச்சுடப் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தன.