ஆளுயரக் கண்ணாடி

புதுப்பித்த கூடத்தின் நடுவில் நின்று புளோறன்ஸ் சுற்றிலும் பார்த்தாள். இத்தாலித் தரைக்கற்கள், வெள்ளைத் தோல் சோபா, கடலைப் பார்த்த பக்கம் முழுவதும் மணல் நிறத் திரைச்சீலை. வெள்ளவத்தையில் இப்படியொரு வீடு இல்லை என்று அருந்ததிக்குத் தெரியும். உள்ளலங்காரத்தை வரைந்ததும் அவள்தான், கூடவே நின்று செய்வித்ததும் அவள்தான்.

"ஆர் செத்தது?" என்று கேட்டாள் புளோறன்ஸ்.

அருந்ததிக்கு விளங்கவில்லை.

"எங்கட கொட்டாஞ்சேனையில செத்த வீட்டிலதான் கண்ணாடியளைத் துணியால மூடுவம். நீர் ஒரேயடியாக் கழற்றியே போட்டீர். பாத்ரூமிலயும் இல்லை. ஒஸ்வால்ட் எங்க பார்த்து ஷேவ் எடுக்கிறது?"

கண்ணாடி வேண்டாம் என்று சொன்னதே புளோறன்ஸின் கணவர் ஒஸ்வால்ட்தான். போன வருஷம் கொழும்புக் கோட்டைப் பகுதியில் குண்டு வெடித்தபோது கார்க் கண்ணாடி சிதறி, நாடறிந்த பாடகியான அவளின் வலது கன்னத்தை உதடு வரை கிழித்துவிட்டது. அதன்பின் புளோறன்ஸ் பாடவில்லை. "முகத்தைப் பார்த்தா உடைஞ்சுபோவா," என்றார் ஒஸ்வால்ட். அருந்ததி உடனே ஓம் என்றாள். பளபளக்கும் எதையும் வீட்டுக்குள் விடவில்லை. அதைத் தன் இரக்கம் என்றே நம்பினாள்.

"அக்கா, உங்களுக்காகத்தான் யோசிச்சனாங்கள்..."

"எனக்காகவோ? முதல் நாளில இருந்து நீர் என்ர காதுத் தோட்டைப் பார்த்துத்தானே கதைக்கிறீர்!"

உண்மைதான். அந்த உதட்டைப் பார்த்தால் தன் முகம் எப்படி மாறுமோ என்ற பயம் அருந்ததிக்கு. கண்ணாடிகள் போனதில் நிம்மதியடைந்தது யார் என்று இப்போதுதான் தன்னைக் கேட்டுக்கொண்டாள். பதில் பிடிக்கவில்லை.

"இந்தச் சுவரில ஆளுயரத்துக்கு ஒண்டு வேணும்."

"வாசலுக்கு நேர வருமே அக்கா. வாறவை எல்லாரும்..."

"பார்க்கட்டும்."

மருதானையிலிருந்து கண்ணாடி வந்தது. பொருத்தியவர்கள் போனதும் புளோறன்ஸ் அதன் முன் போய் நின்றாள். தழும்பைத் தடவவில்லை. உதட்டோரத்தை இரு விரலால் தூக்கிப் பிடித்து, "மா" என்று சுருதி பிடித்தாள். காற்று ஒழுகியது.

"பார்த்தீரே? இந்த மூலை மூடுதில்லை. கைக்கண்ணாடியில வாய் மட்டும்தான் தெரியுது. நான் பாடுறது முழு உடம்பாலயும். எங்க பிழைக்குதெண்டு தெரியாமல் எப்படித் திருத்துறது?"

"திரும்பப் பாடப்போறீங்களோ?"

"பின்ன, இந்தச் சோபாவில இருந்து சாகவோ?"

அருந்ததி அவளைப் பார்த்தாள். கண்ணாடியில் அல்ல, நேராக. புளோறன்ஸ் மறுபடி சுருதி பிடித்தபோது, உதடு மூடுவதற்குமுன் சற்றுத் தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்துக்குப் பயந்ததுபோல உடம்பே ஒரு பக்கம் சாய்ந்தது. கோணலைக் கண்டுபிடிப்பது அருந்ததியின் தொழில்.

"இடது தோள் ஏறுது, அக்கா."

"ஆ, அப்பிடிச் சொல்லும்!"

புளோறன்ஸ் தோளை இறக்கினாள். "மா." ஒழுகியது. மூச்சை இழுத்தாள். "மா." அதுவும் ஒழுகியது.

அருந்ததி கைப்பையைச் சோபாவில் போட்டுவிட்டு, அவளுடைய இடது பக்கமாக வந்து நின்றாள்.

"இன்னொருக்கா, அக்கா."