பிள்ளைகள் எத்தனை?

முதல் தொழிற்சாலையில் திலகா உண்மையைச் சொன்னாள். எட்டு வயதில் ஒரு மகள், ஷாமளா. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா என்றாள். குறித்துக்கொண்டார்கள், கூப்பிடவில்லை. இரண்டாவது இடத்திலும் அதே கேள்வி, அதே பதில். அவளுக்கு அடுத்து உள்ளே போன ஆணுக்கு மூன்று பிள்ளைகள். அவரிடம் யாரும் காய்ச்சலைப் பற்றிக் கேட்கவில்லை. அன்றே வேலை கிடைத்தது.

மூன்றாவது, சுங்கை பட்டாணியில் கணினிக்குச் சில்லுகள் செய்யும் தொழிற்சாலை. விண்ணப்பப் பாரத்தில் பிள்ளைகள் எத்தனை என்ற கட்டத்தில் 'கோசோங்' என்று மலாயில் எழுதினாள். ஒன்றுமில்லை. ஒன்பது வருடம் வேலை பார்க்காததற்கு, நோயாளி மாமியாரைக் காரணம் காட்டினாள். பொய் சொன்னால் வேலை போகும் என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டாள்.

வேறு வழி தெரியவில்லை. கணவன் சிவநேசன் லாரி ஓட்டிய கம்பெனியை மூடிவிட்டார்கள். கிடைத்த நாளில் கிடைத்த வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தான். அவள் குடியிருந்த திகாம் பத்துவிலிருந்து அந்தத் தொழிற்சாலைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை; மகளைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் தாண்டி வேலை நிரந்தரமாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

வேலை அவளுக்குப் புதிதல்ல. பிள்ளை உண்டாகும்வரை ஆறு வருடம் செய்ததுதான். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், முடியைவிட மெல்லிய கம்பி விலகியிருப்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். இருபது வயதுப் பெண்கள் ஒரு தட்டு முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்துவிடுவாள்.

"பாருங்கடி! ஒன்பது வருஷம் அடுப்படியில கெடந்த கை. ஒங்களோடது போன் நோண்டுன கை," என்பாள் லைன் லீடர் பிரேமாவதி.

அந்தப் பாராட்டோடு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்டும் வந்தது. "தேவகிக்கு ஏழு மாசம். மத்ததுங்களுக்குப் புள்ளைங்க. ஒனக்கென்னா, ஃப்ரீதானே திலகா?"

ஷாமளா பள்ளி ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த நாளில் திலகா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தாள்.

மூன்று மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது தேவகிக்கு வளைகாப்பு வந்தது. பாடாங் செராயில் ஒரு மண்டபம். லைனில் இருந்த தமிழ்ப் பெண்கள் எல்லாரும் போனார்கள். திலகா ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு போனாள்.

பெண்கள் ஒவ்வொருவராகப் போய்த் தேவகியின் கன்னத்தில் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். பிரேமாவதியும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"போ திலகா, அடுத்து நீ."

திலகா போனாள். தேவகி சிரித்தபடி கையை நீட்டினாள். அதற்குள் தேவகியின் தாய் தங்கமணி தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ உக்காரும்மா. தப்பா எடுத்துக்காத. ஒனக்கு ஒண்ணு பொறக்கட்டும், அப்பறம் வந்து அள்ளிப் போடு."

"என்னம்மா நீங்க..." என்றாள் தேவகி. ஆனாலும் நீட்டிய கை மெல்ல மடிக்குத் திரும்பிவிட்டது.

மண்டபமே பார்த்தது. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள், தழும்பைக் காட்டட்டுமா என்று கேட்கத் திலகாவின் வாய் துடித்தது. முன்வரிசையில் பிரேமாவதி உட்கார்ந்திருந்தாள். நிரந்தரம் செய்யலாமா என்று மறுநாள் அவள்தான் மேனேஜரிடம் சொல்ல வேண்டும்.

"பரவால்லம்மா," என்றாள் திலகா. வளையல்களைத் தாம்பாளத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி குனிந்து, எந்தக் கோயிலில் தொட்டில் கட்டினால் பலிக்கும் என்று சொன்னாள். திலகா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிரேமாவதிக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "இந்தக் காலத்துல இப்படியா லா? நீ அழாத," என்று திலகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். திலகா அழவில்லை.

மறுநாள் மதியம் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம்.

"நாந்தான் பேசுனேன்," என்றாள் பிரேமாவதி. "புள்ளகுட்டின்னு சூசா, தொந்தரவு இல்ல, ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல, இந்த மாதிரி ஆளு எங்க கெடைக்கும்னு கேட்டேன். மேனேஜர் வாயத் தொறக்கல!"

"தேங்க்ஸ்க்கா."

"இன்னொண்ணு. தீபாவளிக்கு மிஷின நிறுத்த மாட்டாங்களாம். காலை ஷிப்ட்டுக்கு ஆள் கேக்கறாங்க. புள்ளக்காரிங்கள எப்படிக் கூப்பிடறது? ஒம் பேரப் போட்டுட்டேன். சரிதானே?"

இப்போது சொல்லிவிடலாம். மூன்று மாதம் முடிந்துவிட்டது. ஆனால் மேனேஜரின் வாயை அடைத்ததே அந்த ஒரு பொய்தான். சொன்னால் பிரேமாவதியும் பொய்க்காரி ஆவாள். திலகா கடிதத்தை மடித்தாள்.

"சரிக்கா."

அன்று மாலை ஷாமளா புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீபாவளியன்று காலை அம்மா வேலைக்குப் போக வேண்டும், அப்பா எண்ணெய் வைத்துவிடுவார் என்று திலகா சொன்னாள். ஷாமளா பாதி போட்ட பொத்தானை விட்டுவிட்டாள்.

"புள்ளைங்க இருக்கற அம்மாக்குக்கூட லீவு தர மாட்டாங்களாம்மா?"

"தருவாங்க," என்றாள் திலகா.