கிளமென்ட் வீட்டு மதில் பிள்ளையார்

வீட்டை விற்பது என்று முடிவெடுத்துவிட்ட மனிதனுக்குச் சொந்த புத்தி வேலை செய்யாது. கிளமென்டுக்கு அதற்கு முன்பும் பெரிதாக வேலை செய்ததில்லை என்பது அவர் மனைவி அமலியின் கட்சி.

வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் கிளமென்ட். மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் எந்த நெல்லை எப்போது விதைக்க வேண்டும் என்று விவசாயிகளுக்கு மைக் பிடித்துச் சொன்னவர். சேற்றில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஊருக்கே உபதேசம் செய்து பழகிய மனிதர், வீட்டில் ஒருத்தி சொல்வதை எங்கே கேட்கப் போகிறார்?

இத்தனைக்கும் அவள் சொன்னது மிகச் சாதாரணமான விஷயம். "மழை பேஞ்சா நடு ரூம்பு ஒழுகுது. கொத்தனாரக் கூப்பிட்டு மொட்டை மாடிக்குத் தட்டோடு பதிக்கச் சொல்லுங்க. விலையையும் கொஞ்சம் இறக்குங்க. வீடு தன்னால போயிடும்."

அவளுக்கு அவசரம். மகள் ஃபெபி திருச்சியில் நர்ஸ். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு டியூட்டிக்குப் போகிறாள். பேரன் தவழ ஆரம்பித்ததை அமலி போனில்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். வீடு விற்றதும் இரண்டு பேருமாகத் திருச்சிக்குக் குடிபோவதாகப் பேச்சு. அவள் மட்டும் முன்னால் போகலாமே என்றால், கிளமென்டுக்குச் சுடுதண்ணீர் வைக்கக்கூடத் தெரியாது.

"ஒழுகுறது ஐப்பசியிலதானே? அதுக்குள்ள வித்துட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் அவர். கூரையில் இருந்த ஈரக்கறைக்கு மேல் வெள்ளை அடித்தார். விலையில் ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை.

வந்தவர்கள் யாரும் கூரை வரைக்கும் போகவே இல்லை. தெரு நேராக ஓடி வந்து அவர் வாசலில் முட்டி நின்றது. அப்படித் தெரு வந்து குத்துகிற வீடு ஆகாது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. குத்தாலத்திலிருந்து காரில் வந்த ஒருவர், "தெருக்குத்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அவருக்காகக் கலக்கிய மோரைத் தரகர் சாரங்கபாணி குடித்தார். குடித்துவிட்டுத்தான் யோசனை சொன்னார்.

"மதில்ல ஒரு பிள்ளையார வச்சிடுங்க சார். தெருக்குத்துக்கு அதுதான் மருந்து."

"யோவ், நான் ஞாயித்துக்கிழமை தவறாமப் பூசைக்குப் போறவன்."

"கும்பிடப் போறது வாங்குறவன் சார். நீங்க சும்மா வச்சா போதும்."

சும்மா வைத்தால் போதும் என்ற வாதம் கிளமென்டுக்குப் பிடித்துவிட்டது. சாரங்கபாணி இன்னொன்றும் சொன்னார்: காசு கொடுத்து வாங்கிய பிள்ளையாரைவிடத் திருடி வந்து வைக்கிற பிள்ளையாருக்குத்தான் சக்தி அதிகமாம். கிளமென்ட் பொங்கிவிட்டார். "திருடாதேங்கிறது கடவுள் கட்டளைய்யா!" வேறு தெய்வம் வேண்டாம் என்ற முதல் கட்டளையை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட மனிதர், ஏழாவது கட்டளையில் மட்டும் கறாராக நின்றார். கும்பகோணத்திலிருந்து முறையாக ரசீது போட்டு ஒரு கருங்கல் பிள்ளையார் வந்து சேர்ந்தார்.

மதிலின் வெளிப்பக்கம் மாடம் கட்டக் கொத்தனாரும் வந்தார்.

"வந்த கையோட மாடியையும் பார்க்கச் சொல்லுங்களேன்" என்றாள் அமலி.

"ஒவ்வொண்ணா ஆவட்டும்" என்றார் கிளமென்ட். கொத்தனார் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அமலியிடம் தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிள்ளையார் வந்தது தெருவுக்குத்தான் கொண்டாட்டமாகப் போயிற்று. பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி முதலில் ஒரு அகல் விளக்கு வைத்தாள். அப்புறம் அருகம்புல் மாலை. அப்புறம் கிளமென்ட் வீட்டு மீட்டரிலிருந்தே ஒயர் இழுத்து ஒரு பல்பு. சதுர்த்திக்குச் சதுர்த்தி பெண்கள் கூடினார்கள். கொழுக்கட்டை கிளமென்டுக்கும் வந்தது. நன்றாக இருந்ததால் அவரும் ஆட்சேபிக்கவில்லை.

ஆடியில் ஆன்டோவும் எல்சியும் வந்தார்கள். பொறையார் பக்கத்து லுத்தரன் குடும்பம், இரண்டு பேரும் ஆசிரியர்கள். "தெருக்குத்தெல்லாம் நாங்க பார்க்கிறதில்லைங்க அங்கிள்" என்று ஆன்டோ சொன்னபோது கிளமென்டுக்குத் தலை சுற்றியது. தெருக்குத்துப் பார்க்காத ஒரு சாதி இந்த உலகத்தில் உண்டு, அதில் தானும் ஒருவன் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

எல்சிக்கு அடுப்படி பிடித்துவிட்டது. மதிலைப் பார்த்துத்தான் தயங்கினாள். "இவ்வளவு பேர் வந்து கும்பிடுற இடம். நாங்க விளக்கு ஏத்தலைன்னா அவங்களுக்குச் சங்கடம், ஏத்துனா எங்களுக்குச் சங்கடம்."

"எடுத்துடறேம்மா! என்னோடதுதான். ரசீதே இருக்கு."

மறுநாள் காலையில் கடப்பாரையோடு மாடத்தின் முன்னால் போய் நின்றார். தெருவே திரண்டுவிட்டது. யாரும் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஆனந்தவல்லி ரொம்பப் பதவிசாகக் கேட்டாள்.

"என்ன சார் இது, கடப்பாரையும் கையுமா?"

"நான் வாங்கி வச்சதுதானேம்மா..."

"வைக்கிற வரைக்கும்தான் சார் அது உங்க பிள்ளையாரு. வச்சப்புறம் எடுக்க நீங்க யாரு? எல்லாரும் கும்பிட்டாச்சு. கொழுக்கட்டை சாப்பிட்டீங்கல்ல?"

சாப்பிட்டிருந்தார். கடப்பாரையை ஓசைப்படாமல் உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

ஆன்டோவும் எல்சியும் அதே தெருவில் நான்காவதாக இருந்த வீரையன் வீட்டை வாங்கிவிட்டார்கள். வீரையன் ஒன்றும் மாயம் செய்யவில்லை. மாடிக்குத் தட்டோடு பதித்திருந்தார், விலையைக் கொஞ்சம் இறக்கியிருந்தார், அவ்வளவுதான். ஆனால் பத்திரம் பதிந்த அன்று நேராகக் கிளமென்ட் வீட்டு மதிலுக்கு வந்து தேங்காய் உடைத்தார்.

"எல்லாம் நீங்க வச்ச பிள்ளையாரோட மகிமை சார்!"

கிளமென்டுக்கு வயிறு எரிந்தது. உள்ளே அமலி சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். அதில் எந்த இடத்தில் சிரிப்பு அழுகையானது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்ட அன்று அவள் பெட்டியைக் கட்டினாள். நடு ரூம்பில் சொட்டுகிற இடத்தில் ஒரு அண்டாவை வைத்தாள்.

"பேரன் நடக்க ஆரம்பிச்சிட்டானாம். அதையும் போன்ல பார்க்க என்னால ஆவாது. வீடு வித்ததும் வாங்க."

"சுடுதண்ணி?"

"அடுப்பைத் திருகினா பத்திக்கும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

வீரையன் வீடு விற்ற கதை அதற்குள் ஊர் தாண்டிப் போயிருந்தது. மழை விட்ட ஒரு காலையில் ஒரத்தநாட்டிலிருந்து ஒருவர், தேங்காய்ப் பழத் தட்டோடு பைக்கில் வந்து இறங்கினார்.

"விக்காத வீட்டையெல்லாம் வித்துக் குடுக்குற பிள்ளையார் இவருதானுங்களா?"

கிளமென்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வீடு ஒழுகுதா?"

"கொஞ்சம். மழைக்கு மட்டும்."

"விலை?"

"நம்ம வீட்டுக்கு அது கம்மிதான் சார்."

"மாடிக்குத் தட்டோடு பதிங்க. விலையை இறக்குங்க. வீடு தன்னால போயிடும்."

ஒரத்தநாட்டுக்காரர் பல் வலிக்காரனைப் பார்ப்பதுபோல அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதெல்லாம் அப்புறம் ஆவட்டும் சார். கற்பூரம் எங்க ஏத்துறது?"

கிளமென்ட் இடத்தைக் காட்டினார். உள்ளே வந்து, நிரம்பி வழிந்த அண்டாவைச் சுற்றிக்கொண்டு போய்ப் போனை எடுத்தார்.

"அமலி, அந்தக் கொத்தனார் நம்பர் இருக்கா?"

பின்னால் குழந்தை எதையோ தட்டிவிடுகிற சத்தம் கேட்டது.

"ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்குங்க" என்றாள். "மாடம் கட்டின அன்னிக்கே ஒட்டினேன்."