குறையாத சிமிழ்

டாக்டர் நீரஜா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். நேற்றிலிருந்து இந்த நிமிஷம் வரைக்கும் வஸுமதி என்னென்ன மாத்திரை போட்டுக்கொண்டாள்? ரகுராம் திருதிருவென்று முழித்தான். கோவில் கோஷ்டியில் நின்றால் புத்தகத்தைத் திறக்காமல் மணிக்கணக்காகப் பாசுரம் சேவிக்கிற ஆசாமி அவன். ஒரு வார்த்தை முன்பின் ஆகாது. பதினேழு வருஷமாகக் கூடக் குடித்தனம் நடத்துகிறவள் எதை விழுங்கினாள் என்று கேட்டால் மட்டும் அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"காலம்பற ஆறு மணிக்கு ஒண்ணு. நீங்க எழுதிக் குடுத்ததுதான்" என்றான்.

"வேற ஏமன்னா, ஏதாவது?"

"வேற ஒண்ணும் இல்லை டாக்டர்."

வஸுமதி பக்கத்துக் கட்டிலில் கிடந்தாள். புடவைத் தலைப்பை மடித்துக் கண்மேல் போட்டிருந்தாள். வீட்டிலிருந்து ஆட்டோவில் வருவதற்குள் மூன்று தடவை வாந்தி. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தபோதெல்லாம் ரகுராமின் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள். வலது பக்க நெற்றிக்குள் யாரோ உட்கார்ந்து உரலில் இடிப்பதுபோல இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று. அவருக்கு ஊர் நாயுடுபேட்டை. தெலுங்கும் தமிழும் பாதிப் பாதி கலந்து பேசுவார். "காலைல போட்டது வாந்தியில போயிருக்கும். அதே மருந்து ஊசியா இருக்கு, போட்டா அரை மணியில அடங்கும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேல கூடாது, இது ரெண்டாவது. அதான் கேட்டேன். ஸ்ட்ரிப் கொண்டுவந்தீங்களா?"

ரகுராம் வேஷ்டி மடிப்பிலிருந்து ஒரு வெள்ளிச் சிமிழை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

டாக்டர் சிமிழைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "இதென்ன?" என்றார்.

அது அவன் அப்பா நெற்றிக்கு இட்டுக்கொள்ள ஸ்ரீசூர்ணம் வைத்திருந்த சிமிழ். எட்டு மாசத்துக்கு முன்னால் இதே டாக்டர் இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தபோது வீட்டில் ஒரு சிக்கல் வந்தது. தலைவலி ஆரம்பிக்கிறபோதே போட்டுக்கொள்ள வேண்டும், முற்றிய பிறகு போட்டால் கேட்காது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் வஸுமதிக்குத் தலைவலி ஆரம்பிக்கிற இடமே சமையலறைதான். ரகுராமுக்குக் கோவிலில் முறை இருக்கிற வாரம், வீட்டில் இருக்கிற சனி, ஞாயிறில் அவள் ஸ்நானம் பண்ணி, மடிப்புடவை கட்டிக்கொண்டு பெருமாளுக்குத் தளிகை பண்ணுவாள். அடுப்புச் சூடும் வெறும் வயிறும் சேர்ந்து நெற்றியைப் பிடிக்கும். மாத்திரை அட்டையோ கடையில் யார் யாரோ தொட்டது, விழுப்பு. மடியில் இருக்கிறவள் அதைத் தொட முடியாது. தளிகை முடிந்து, பெருமாளுக்குக் காட்டி, அவள் வெளியே வருவதற்குள் வலி முற்றிவிடும்.

ரகுராம்தான் வழி கண்டுபிடித்தான். மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி, கழுவித் துடைத்த சிமிழில் போட்டு, அடுப்பு மேடைக்கு மேலே இருக்கிற அலமாரியில் வைத்துவிட்டான். வெள்ளிக்குத் தோஷம் கிடையாது. இந்த யோசனையைப் பற்றி அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. பெரியப்பா பிள்ளை ஸௌரிராஜனிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறான்.

"திறங்க, பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

அவன் உள்ளங்கையில் கொட்டினான். ஏழு மாத்திரை. ஏழும் வெள்ளை. நர்ஸ் அதற்குள் ஊசி மருந்தை உடைத்து ஏற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் சும்மா எண்ணிப் பார்க்கிறவர்போலத்தான் குனிந்தார். ரகுராம் கண்ணில்தான் முதலில் பட்டது. மூன்று மாத்திரைகளின் நடுவில் ஒரு கோடு ஓடியது. மீதி நாலும் வழவழவென்று இருந்தன.

ஒரே மாத்திரையில் சிலதுக்குக் கோடு வருமா? கம்பெனிக்காரன் மாற்றியிருப்பானோ? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல நின்றான். அப்புறம் மெல்ல மெல்ல அவனுக்கு விளங்க ஆரம்பித்தது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

வஸுமதி சித்தூரில் ஜூனியர் காலேஜில் கணக்கு லெக்சரர். திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் திருப்பதிக்குத் திரும்புவாள். அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ரகுராம் சிமிழைத் திறந்து பார்த்தபோது நாலைந்து மாத்திரைதான் கிடந்தன. வாங்கி வைப்போமே என்று நினைத்தான். டாக்டர் சீட்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆணியில் தொங்கின அவள் கைப்பையைத் துழாவினான். கடைக்காரர் கத்தரியால் வெட்டிக்கொடுத்த துண்டு அட்டை ஒன்று அகப்பட்டது. அதில் நாலு மாத்திரை, மருந்தின் பேரில் பாதி. அதைத் தெருமுனைக் கடையில் காட்டினான். அவர்கள் பத்து எடுத்துக் கொடுத்தார்கள். கொண்டுவந்து சிமிழில் கொட்டினான். அதற்கப்புறம் இன்னும் இரண்டு தடவை ரொப்பியிருக்கிறான்.

வஸுமதியிடம் சொல்லவில்லை. சொன்னால் அது பெரிய உபகாரம் பண்ணினதுபோல ஆகிவிடும் என்று நினைத்தான். அவளுக்குத் தெரியாமல் அவளுக்காக ஒன்றைச் செய்வதில் அவனுக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம்.

நர்ஸ் பஞ்சை நனைத்தார்.

இப்போது சொன்னால் பெண்டாட்டி பையைத் துழாவினவன் என்று ஆகும். சொல்லாவிட்டாலோ? ஒருவேளை ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். இரண்டும் தலைவலி மாத்திரைதானே? இரண்டு விநாடி அப்படியும் நினைத்தான். அந்த இரண்டு விநாடிக்காக அவன் பிற்பாடு ரொம்ப வெட்கப்பட்டான்.

"கொஞ்சம் இருங்கோ. ஊசி போடாதீங்கோ" என்றான். "இதுல பாதி, இவ பையில இருந்த அட்டையைக் காட்டி நான் வாங்கிப் போட்டது. நீங்க எழுதினதா இல்லையான்னு எனக்குத் தெரியலை."

டாக்டர் கையைக் காட்டினார். நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

வஸுமதி தலைப்பை விலக்கினாள். வெளிச்சம் குத்தவும் கண்ணை இடுக்கிக்கொண்டாள். "ரொப்பினேளா? எத்தனை தடவை?"

"மூணு."

"நான் ரெண்டோ மூணோதான் போட்டுண்டேன்னு நினைச்சுண்டிருக்கேன். எப்பத் திறந்தாலும் ஏழெட்டு இருக்கும். குறையவே இல்லையே, அப்ப நாம கம்மியாத்தான் போட்டுக்கறோம்னு..." முடிக்காமல் நிறுத்தினாள். கணக்கு வாத்தியார் கணக்கு அத்தனையும் மிச்சத்தைப் பார்த்துப் போட்டது. மிச்சம் குறையாமல் ஒருத்தன் பார்த்துக்கொண்டிருந்தால் அவள்தான் என்ன செய்வாள்?

"அந்தப் பையில இருந்தது என்ன மாத்திரை அம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

வஸுமதி தலைப்பு நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டாள். "சித்தூர்ல சம்பத்னு ஒருத்தர். மெடிக்கல் ஷாப். தலைவலின்னா அவர் குடுப்பார். அங்க அது, இங்க இது. ரெண்டையும் நான் கலந்ததே இல்லை."

"நேத்து போட்டீங்களா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வஸுமதி கூடவே கொண்டுவந்திருந்த கைப்பையில் ஒரு துண்டு அட்டை இருந்தது, அதைச் சுற்றியிருந்த காகித உறையில் கடையின் போன் நம்பர் முத்திரை குத்தியிருந்தது. ரகுராம் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"யாரு, காலேஜு மேடம் ஊட்டுக்காரரா?" சம்பத்தின் குரலில் நல்ல மரியாதை. "சொல்லுங்க சார். நேத்து பஸ்ஸு ஏறச்சொல்ல இங்கியே நின்னுகினு ஒண்ணு போட்டுகினாங்க. முகமே செரியில்ல. பாவம், வாரத்துக்கு நாலு, அஞ்சு வாங்கறாங்க. சீட்டு கொண்டாங்க மேடம்னு நான்கூட ரெண்டு வாட்டி கேட்டேன். திருப்பதியில இருக்குதுன்னாங்க. தலநோவு வந்துச்சுன்னா கடை பெஞ்சிலியே கொஞ்ச நேரம் குந்திகினு இருப்பாங்க சார். உங்களுக்குத் தெரியுமே."

உங்களுக்குத் தெரியுமே. ரகுராமுக்கு ஒன்றும் தெரியாது. அறுபது, எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது.

டாக்டர் போனை வாங்கி, தெலுங்கில் மருந்தின் முழுப் பேரையும் கேட்டு எழுதிக்கொண்டார். சீட்டு இல்லாமல் இதைக் கொடுத்ததற்கு நாலு வார்த்தை சூடாகவும் சொன்னார். பிறகு வஸுமதியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தன. மரத்துப்போகிறதா என்று கேட்டார். ரெண்டு வாரமாகச் சாக்பீஸ் பிடித்தால் மரத்துப்போகிறது என்றாள். மணிக்கட்டில் நாடி பார்த்தார். உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

"சித்தூர் மாத்திரையில எர்கோடமின் இருக்கு" என்றார் ரகுராமிடம். "அது ரத்தக் குழாயைச் சுருக்கும். நான் எழுதினதும் சுருக்கும். ஒண்ணு போட்டு இருபத்துநாலு மணி நேரம் ஆகாம இன்னொண்ணு போடக்கூடாது. இப்ப அந்த ஊசியைப் போட்டிருந்தா கை விரலுக்கும் இதயத்துக்கும் ரத்தம் போறதே கஷ்டமாகியிருக்கலாம். அர்த்தமயிந்தா?"

அர்த்தமாயிற்று. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏழு மாத்திரையையும் இன்னும் உள்ளங்கையில் வைத்திருந்தான். வேர்வையில் ஒன்றிரண்டு கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. வாந்திக்கு ஒரு ஊசி, வேறு வகை வலி மருந்து, ஒரு பாட்டில் குளுக்கோஸ். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். மத்தியானம் ரெண்டு மணிக்கு வலி பாதியாக இறங்கி, விரல்களில் கொஞ்சம் சூடு வந்தது.

"ஏண்டி எங்கிட்ட சொல்லலை?" என்று கேட்டான்.

"சொன்னா வேலையை விடச் சொல்வேள்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான், முடியவில்லை. நவராத்திரியின்போது சொன்னான். பொங்கலின்போதும் சொன்னான். தலைவலிக்குக் காரணமே அந்த பஸ்தான், விட்டுத் தொலை என்று. அவள் வேலையை விடவில்லை, தலைவலியைச் சொல்வதைத்தான் விட்டாள். நானும் வீட்டில் இருக்கிறபோது மட்டும்தான் வருகிறது என்றல்லவா நினைத்துக்கொண்டேன் என்று அவனுக்கு அழுகை வந்தது.

அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மாத்திரை அதிகமானால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். சித்தூர் மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும். நிறுத்தினால் முதல் பத்து நாள் வலி கூடத்தான் செய்யும், பயப்படக்கூடாது. தலைவலி வராமல் தடுக்கத் தினமும் போடுகிற மருந்து வேறு, அதை வருகிற வாரம் பார்த்து எழுதித் தருவார். வந்தபிறகு போடுகிறது அவருடைய பழைய மாத்திரை மட்டும், அதுவும் வாரத்துக்கு ரெண்டு நாளைக்கு மேல் வேண்டாம். நாளைக் காலை ஏழு மணி வரைக்கும் அதுவும் கிடையாது. விரல் மறுபடி ஜில்லிட்டாலோ நெஞ்சு இறுக்கினாலோ உடனே வந்துவிட வேண்டும். மாத்திரை அட்டையை விட்டு வெளியே வரக்கூடாது. வலி வந்த நாளையெல்லாம் காலண்டரில் குறிக்க வேண்டும், இந்த மாசத்தையும் ஞாபகத்திலிருந்து.

வீட்டுக்கு வந்ததும் ரகுராம் புது அட்டையை, கடைக்காரர் கை, கத்தரி, காகிதம் எல்லாம் பட்டதை, அப்படியே கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியில் வைத்தான்.

"விழுப்பாச்சே" என்றாள் வஸுமதி.

"இருந்துட்டுப் போறது."

அவள் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி மூடி யோசித்துப் பெருக்கல் குறி போட்டாள். தேதி இருபத்திரண்டு ஆகியிருந்தது. குறி பதினாறு. சனி, ஞாயிறில் இருந்தது மூன்றே மூன்று. மீதிப் பதிமூன்றும் திங்களிலிருந்து வெள்ளி வரைக்கும் கிடந்தன, அவன் கோவிலுக்குப் போய் வந்து, தயிர்சாதம் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கின நாட்களில். ஒவ்வொரு குறிமேலும் விரலை வைத்து, அன்றைக்கு எங்கே இருந்தாய் என்று கேட்டான். ஸ்டாஃப் ரூம் பெஞ்ச். லேப் பின்னால் மாடிப்படி. சம்பத் கடை. அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டான்.

"திங்கக்கிழமை நானும் சித்தூர் வரேன். பத்து நாள் இருக்கேன்" என்றான்.

"ஒங்க முறை?"

"ஸௌரிராஜன் பார்த்துப்பான்."

சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்துக்கு வலி திரும்ப வந்தது. டாக்டர் சொன்னபடியே காலையைவிடக் கூடவே வந்தது. விரல் சூடாகத்தான் இருக்கிறதா என்று அவன் தொட்டுப் பார்த்தான். இருந்தது. வஸுமதி பாயில் சுருண்டுகொண்டு கையை நீட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு குடுங்கோ. பாதி குடுத்தாக்கூடப் போறும்."

அவன் அலமாரிவரை போய்விட்டான். அட்டையைக் கையில் எடுத்தும் விட்டான். கேட்காமலே மூன்று தடவை ரொப்பி வைத்தவன், அவள் வாய்விட்டுக் கேட்கிறபோது எப்படி இல்லை என்பான்? அட்டையின் முனை உள்ளங்கையில் குத்தியது.

"நாளைக்குக் காலம்பற ஏழு மணிக்கு" என்றான்.

"நீங்க மனுஷாளே இல்லை" என்றாள் வஸுமதி.

அவன் அட்டையை வைத்துவிட்டு, துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தான். அவள் தட்டிவிட்டாள். மறுபடி எடுத்து அவள் நெற்றியில் போட்டான். இந்தத் தடவை தட்டிவிடவில்லை. அவன் கையையும் சேர்த்துத் துண்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கூடத்து விளக்கை அணைக்க வேண்டும், கை அவளிடம் இருந்தது. ஏழு மணிக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது. அவன் நகராமல் உட்கார்ந்திருந்தான்.